மாத்தளைக்கு வரும் அந்நிய ஆராய்ச்சியாளரும் அநுமதிப் பத்திரங்களும்

கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கைதியாக வாழ்ந்து, 1679 ஆம் ஆண்டில் அனுராதபுரத்துக் காடுகளினூடே அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்ற ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலில், மலைநாட்டுக் கணவாய்களில் முட்கதவுகள் இடப்பட்டுக் காவலர் நின்றதையும், அவற்றைக் கடப்போர் உத்தரவுக்கு அடையாளமாகக் களிமண்ணிற் பதித்த முத்திரையொன்றைக் காட்டவேண்டியிருந்ததையும் விவரித்திருக்கிறார். போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி தாங்கிய மனிதனின் உருவம். கூலியாளுக்குத் தண்டின் இரு முனையிலும் பொதி தொங்கச் சுமந்து செல்பவனின் உருவம். வெள்ளையனுக்கோ இடையில் வாளும் தலையில் தொப்பியும் உடையவனின் உருவம். எழுத்தறியாத காவலனும் ஒரே பார்வையிற் புரிந்துகொள்ளத்தக்க அந்த மண்முத்திரை, வருபவன் யார், என்ன தொழிலாக வருகிறான் என்ற இரு வினாக்களுக்கும் விடை கூறிற்று. இன்று மாத்தளை மாவட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வரும் அந்நிய தேசத்து அறிஞரிடம் நம் அரசாங்கம் கேட்பனவும் சாராம்சத்தில் அவ்விரண்டு வினாக்களே. ஆயினும் அவற்றுக்கு விடை பெறும் மார்க்கம் ஏன் இவ்வளவு நீண்டது, அந்த மார்க்கத்தின் முடிவில் மாத்தளை மக்களுக்குக் கிட்டுவது என்ன என்பனவே இக்கட்டுரையின் விஷயம்.

பிற தேசத்து அறிஞர் ஈழத்துக்கு வந்து கற்றுச் சென்ற சரித்திரம் கடவுச்சீட்டுகளுக்கு மிக முற்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன யாத்திரிகர் பாஹியன் அநுராதபுரத்தில் இரண்டு ஆண்டுகள் தங்கி, தம் நாட்டிற் கிடைக்காத கிரந்தங்களைப் பிரதி செய்து கொண்டு சென்றார். அதே நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த புத்தகோஷர், மகாவிகாரையின் சிங்கள உரைகளைப் படிக்க அநுமதி வேண்டியபோது, அங்கிருந்த தேரர்கள் இரண்டு பாடல்களை அவர் கையிற் கொடுத்து, அவற்றுக்கு விளக்கம் எழுதித் தம் தகுதியை நிரூபிக்குமாறு பணித்தனர் என்பதும், அந்த விளக்கமே விசுத்திமார்க்கம் என்னும் பெருநூலாயிற்று என்பதும், நூல்கள் அனைத்தும் அதன் பின்னரே அவருக்குத் திறந்துவிடப்பட்டன என்பதும் பௌத்த மரபு. திரிபிடகம் கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் எழுத்துருப் பெற்ற இடமென்று போற்றப்படும் அலுவிகாரை மாத்தளை நகருக்கு வெகு சமீபத்தில் இருக்கிறது. அங்கே ஒரு குகை புத்தகோஷர் பெயரால் வணங்கப்படுகிறது. விருந்தினராக வரும் அறிஞரைப் பரீட்சித்து அநுமதிக்கும் அதிகாரம் அறிந்தோர் கையில் இருந்தது என்பதையும், அநுமதி பெற்றவர் தம் உழைப்பின் பலனை அநுமதித்தவரிடமே முதலில் ஒப்படைத்தார் என்பதையும் அந்தக் குகையின் முன் நிற்கும்போது எண்ணாமல் இருக்க முடிவதில்லை. 1344 இல் வந்த இப்னு பதூதாவுக்குப் பாவாதமலையைக் காண வழி செய்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. அவர் வாய்மொழியாக உத்தரவு கொடுத்ததோடு நின்றுவிடாமல், பல்லக்கையும், வழியறிந்த யோகிகளையும், பிராமணரையும், உணவு சுமப்போரையும் உடன் அனுப்பினார் என்று அந்த யாத்திரிகரே எழுதி வைத்திருக்கிறார். அநுமதியும் உபசாரமும் ஒன்றாகவே இருந்த காலம் அது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. ஆராய வந்தவரும் ஆள வந்தவரும் ஒருவரே ஆனபடியால், அநுமதி கேட்பதற்கு எதிரே ஒருவரும் இல்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாத, மூக்கின் நுனியில் இலைபோன்ற உறுப்பையுடைய ஓணான் ஒன்று உண்டு. குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்டின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அதற்கு 1861 இல் விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் இலண்டன் மாநகரிலிருந்த அல்பேட் குந்தர். அவ்வினத்தின் மூல மாதிரி இன்றும் இலண்டனிலேயே இருக்கிறது. சிவில் சேவை உத்தியோகஸ்தராயிருந்த ஹியூ நெவில் சேகரித்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிகள் 1904 இல் பிரித்தானிய நூதனசாலைக்கு விற்கப்பட்டு, இப்போது பிரித்தானிய நூலகத்திற் பாதுகாக்கப்படுகின்றன. பாதுகாக்கப்படுகின்றன என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆயினும் ரத்தோட்டையிற் பிறந்து பேராதனையிற் படித்த ஒரு மாணவி, தன் வீட்டுக்குப் பின்னால் எழும் மலையின் ஓணானை அதன் மூல மாதிரியோடு ஒப்பிட விரும்பினால், முதலில் இலண்டன் செல்வதற்கு வீசா விண்ணப்பம் நிரப்ப வேண்டும். அந்நிய ஆராய்ச்சியாளருக்கு நம் நாட்டில் நேரும் சிரமங்களைப் பேசுவோர், இந்த மறுபக்கத்தையும் தராசின் ஒரு தட்டில் வைத்தே பேசுதல் நியாயம்.

அந்நியரின் வருகையும் இருப்பும் பற்றிய சட்டம் பெரிய வழக்காக வெடித்த இடமும் மாத்தளைக்குத் தூரமன்று. அவுஸ்திரேலியாவிலிருந்து 1936 இல் வந்து, மாத்தளையை அடுத்த மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழகிய பிறேஸ்கேடில் என்ற இளைஞர், தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று பேசியமைக்காக 1937 ஏப்பிரலில் தேசாதிபதியால் நாடு கடத்த உத்தரவிடப்பட்டார். உயர் நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதத்தில் அவ்வுத்தரவு சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தீர்த்து அவரை விடுவித்தது. அவர் ஆராய்ச்சியாளர் அல்லர்; ஆனால் தோட்டத்து லயங்களில் நடப்பதைக் கண்ணாற் கண்டு வெளியே சொல்லும் அந்நியரை ஆட்சியாளர் எவ்வாறு நோக்கினர் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் நம் சரித்திரத்தில் இல்லை.

சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இரண்டு சட்டங்களை இவ்விடத்தில் ஒருங்கே நினைவுகூர வேண்டும். 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம், பிரஜைகள் அல்லாதார் இந்நாட்டில் தங்குவதற்கு அநுமதி பெறவேண்டும் என்று விதித்தது. நொக்ஸ் தப்பிச் சேர்ந்த அதே மன்னார்க் கரையோரத்தில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காடுகளைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தாம் பிறந்த மண்ணிலேயே வதிவிட அநுமதிக்கு விண்ணப்பிக்க நேர்ந்தது. 1964 இல் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் வீசா, கடவுச்சீட்டு, தற்காலிக வதிவிடம் என்ற சொற்கள் உக்குவளையிலும் எல்கடுவையிலும் லயத்து வாசல்களில் அன்றாடம் உச்சரிக்கப்பட்டன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த பெருங் குறையைத் தீர்த்தது. ஆதலால் ஒரு சிறு முத்திரை ஒரு குடும்பத்தின் வாழ்வை எவ்வாறு திசை திருப்பும் என்பதை அறிந்த சமூகம் இது. அநுமதிப் பத்திரங்களைப் பற்றி மாத்தளையிலிருந்து எழுதுகிறவன் அவற்றை வெறும் காரியாலய விஷயமாகக் கருத முடியாது.

இனி இன்றைய நடைமுறைக்கு வருவோம். உல்லாசப் பிரயாணியாக வருபவருக்கு இணையத்தின் வழியே வழங்கப்படும் பயண அதிகாரம் 2012 ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறையில் உள்ளது, அதனைக் கொண்டு சிகிரியாக் குன்றில் ஏறலாம், நாலந்தா கெடிகேயைச் சுற்றி வரலாம், ரிவர்ஸ்டனில் மூடுபனியைக் கண்டு மகிழலாம், ஆராய்ச்சி செய்யலாகாது. ஆராய்ச்சிக்கென நீண்ட காலம் தங்க வருபவருக்கு வதிவிட வீசாவே உரிய மார்க்கம். அதற்கு விருந்தோம்பும் நிறுவனம், பெரும்பாலும் பேராதனைப் பல்கலைக்கழகம், அவரைத் தன் துறையொன்றோடு இணைத்துக்கொண்டதாகக் கடிதம் கொடுக்க வேண்டும். உரிய அமைச்சின் சிபாரிசு வேண்டும். ஆராய்ச்சித் திட்டமும், செலவுக்குப் பணம் உண்டென்பதற்கு அத்தாட்சியும், சொந்த நாட்டுப் பொலிஸாரின் நற்சான்றும் பொதுவாகக் கேட்கப்படுகின்றன. இவையெல்லாம் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தைச் சென்றடைந்து, பரிசீலிக்கப்பட்டு, கடவுச்சீட்டில் முத்திரையாக வந்து விழுவதற்குள், ஒரு பல்கலைக்கழகத் தவணையே கழிந்துவிடுவதும் உண்டு.

வீசா கிடைத்தது என்பதனால் ஆராய்ச்சி தொடங்கலாம் என்று பொருளன்று. வீசா நாட்டுக்குள் இருப்பதற்கு. காட்டுக்குள் நுழைவதற்கும், மண்ணைத் தோண்டுவதற்கும், ஓர் இலையைப் பறிப்பதற்கும் வேறு வேறு அநுமதிகள் உண்டு. இந்த வகையில் மாத்தளை மாவட்டம் இலங்கையின் சட்டங்கள் யாவும் ஒருங்கே சந்திக்கும் நாற்சந்தி எனலாம். நக்கிள்ஸ் வனம் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளது. அதற்கு 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் ஆதாரம். அவ்வனத்து மரத்திலிருக்கும் பல்லியும் தவளையும் 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ளன. ஆகவே மரத்தை ஆராய்பவர் ஒரு வாசலையும், மரத்திலிருக்கும் பல்லியை ஆராய்பவர் இரண்டு வாசல்களையும் தட்ட வேண்டியவராகிறார். 1984 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட வஸ்கமுவையில் யானையை ஆராய்பவருக்கு வனசீவராசிகள் திணைக்களமே பிரதானம். சிகிரியாவிலோ குன்றும் கோட்டையும் ஓவியங்களும் 1940 ஆம் ஆண்டின் புராதனப் பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. சுற்றியுள்ள காடு சரணாலயம். பராமரிப்பிலும் ஆய்விலும் 1980 இல் நிறுவப்பட்ட மத்திய கலாசார நிதியத்துக்குப் பெரும் பங்குண்டு. மாதிரிகளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வதற்கு மேலும் ஓர் உத்தரவு வேண்டும். அது அரிய இனமாயின், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையும் குறுக்கே வரும். நக்கிள்ஸின் இலைமூக்கு ஓணானும், அம்மலைக்கே உரியதென 2006 இல் அறிவிக்கப்பட்ட குள்ள ஓணானும் 2019 இல் ஜெனீவா மாநாட்டில் அந்தப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

இத்தனை பூட்டுகள் அவசியந்தானா என்று கேட்போர்க்கு அண்மைக்காலச் சம்பவமொன்றே விடை கூறும். 2020 மே மாதத்தில் யால தேசியப் பூங்காவில், நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தல்களில் அடைத்து வைத்திருந்த இத்தாலியத் தந்தையும் மகனும் கைதாயினர். அப்பூச்சிகளுள் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருந்தன. 2024 செப்டெம்பரில் அவர்களுக்கு 6 கோடி ரூபா அபராதம் விதிக்கப்பட்டது. வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் பிடித்ததற்கு இவ்வளவு பெரிய தண்டமா என்று வியப்போர், கொத்தலா ஹிம்புட்டு என்று சிங்களத்திலும் பொன்கொரண்டி என்று தமிழ் வைத்தியத்திலும் வழங்கும் கொடியின் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக நீரிழிவுக்குக் கொடுத்து வந்த அந்த மருந்தின் மீது காப்புரிமை பெற்றவர்கள் அயல்நாட்டார். 1994 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட உயிரினப் பல்வகைமை உடன்படிக்கை, ஒரு நாட்டின் உயிர்ச்செல்வம் அந்நாட்டுக்கே உரியது என்ற தத்துவத்தைத் தெளிவாக வகுத்திருக்கிறது. ஆகவே கதவு இருத்தல் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கதவு இல்லாத காலத்தின் கணக்கை இலண்டன் அலமாரிகளிற் பார்க்கலாம்.

என் முறைப்பாடு வேறு. ஒரே மனிதர், ஒரே ஆராய்ச்சித் திட்டம், ஒரே பல்கலைக்கழகம்; ஆனால் ஒவ்வொரு காரியாலயமும் தனக்கு முன்னால் வேறெவரும் அவரைப் பரீட்சிக்கவில்லை என்ற பாவனையில் ஆதியிலிருந்து தொடங்குகிறது. வனத் திணைக்களம் வீசா கிடைத்ததா என்று கேட்கலாம். வீசாவைப் பரிசீலிப்பவர் வன அநுமதி எங்கே என்று கேட்கலாம். கோழி முந்தியதா முட்டை முந்தியதா என்ற சிக்கலில் விண்ணப்பதாரி இரண்டுக்கும் இடையில் நிற்கிறார். முடிவு எப்போது கிட்டும் என்று சொல்லும் காலவரையறை அவர் கையில் இல்லை. விதிகளும் நிலையாக நிற்பதில்லை: 2024 ஏப்பிரலில் வீசா வழங்கும் இணைய முறை வெளியாரிடம் ஒப்படைக்கப்பட்டது, ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது, பழைய முறை மீண்டும் வந்தது. ஒரே ஆண்டில் இவ்வளவு மாறினால், மூன்றாண்டு ஆராய்ச்சிக்குத் திட்டமிடுபவர் எதனை நம்புவது? இதன் விளைவு மிகவும் வருந்தத்தக்கது. நேர்மையாக விண்ணப்பிப்பவர் காத்திருந்து களைத்து வேறு நாட்டை நாடுகிறார். நேர்மையில்லாதவரோ உல்லாசப் பிரயாணியாக வந்து, கமெராவையும் போத்தலையும் பையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நுழைகிறார். யாரைத் தடுக்கக் கதவு போடப்பட்டதோ அவர் வேலியைத் தாண்டுகிறார். வாசலில் நிற்பவர் வரவேற்கத்தக்கவர்.

பிற தேசங்கள் இதனை எவ்வாறு சமாளிக்கின்றன என்பதை நோக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2016 இல் வகுத்த பணிப்புரையின்படி, வரவேற்கும் நிறுவனம் ஆராய்ச்சியாளரோடு எழுத்து மூலம் ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறது; விஷயம் என்ன, காலம் எவ்வளவு, வேதனம் யாது என்பன அதில் இருக்கும். அரசு அந்த உடன்படிக்கையை நம்பி 90 நாட்களுக்குள், ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமாயின் 60 நாட்களுக்குள், முடிவு சொல்லக் கடமைப்பட்டது. அறிஞரின் தகுதியை அறிஞர் சபையே நிறுத்துப் பார்க்கிறது; அரசாங்கம் மற்றவற்றைக் கவனிக்கிறது. மகாவிகாரைத் தேரர்கள் கையாண்ட முறையும் இதுவே அன்றோ! இந்தியாவில் 2002 ஆம் ஆண்டின் உயிரினப் பல்வகைமைச் சட்டம், அந்நியர் உயிர்வளங்களைப் பெறுவதற்குச் சென்னையிலுள்ள தேசிய அதிகார சபையின் முன்னநுமதியை வேண்டுகிறது. அச்சட்டம் ஒவ்வோர் ஊரிலும் மக்கள் குழு அமைத்து உயிர்வளங்களைப் பதிவேட்டில் எழுதி வைக்கவும் இடமளித்தது. அந்தப் பதிவேடுகள் எல்லா இடத்திலும் செம்மையாக அமைந்தன என்று கூறுவதற்கில்லை. ஆயினும் ஊராரையும் ஒரு தரப்பாக மதித்த எண்ணம் போற்றத்தக்கது.

நம் மாவட்டத்திலேயே நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. 1967 அக்டோபரில் சிகிரியா ஓவியங்கள் மீது தீயோர் வர்ணம் பூசிச் சிதைத்தபோது, இத்தாலியிலிருந்து வந்த லூசியானோ மரன்சி என்னும் நிபுணர் நம் தொல்பொருளியல் திணைக்களத்தாரோடு சேர்ந்து அவற்றை மீட்டெடுத்தார். அவருடைய வித்தை நம்மவர் கைகளிலும் தங்கிற்று. 1980களின் பிற்பகுதியில் பட்டப்பின் தொல்பொருளியல் நிறுவனம் சுவீடன் நாட்டாரோடு கூடிச் சிகிரியா – தம்புள்ளைப் பிரதேசத்தின் கிராமக் குடியிருப்புகளை ஆராய்ந்தது. ஜெர்மானிய ஆய்வாளரோடு கூடி இபன்கட்டுவையின் பெருங்கற்காலக் கல்லறைகளை அகழ்ந்தது. அக்கல்லறைகளிற் கிடைத்த மணிகளுட் சில இந்தியாவிலிருந்து வந்த கற்களால் ஆனவை என்று கண்டறியப்பட்டமை, தமிழ் வாசகர் சிறப்பாக ஆர்வங்கொள்ள வேண்டிய செய்தி. இந்த முயற்சிகளின் பெறுபேறுகள் 1990 இலும் 1994 இலும் செனக்க பண்டாரநாயக்க முதலானோர் பதிப்பித்த தொகுதிகளாக வெளிவந்தன. வந்தவரும் இருந்தவரும் சமமாக உழைத்ததும், மாணவர் பலர் களத்திலே பயின்றதும், பெறுபேறு நம் நாட்டிலேயே அச்சேறியதும் அவற்றின் சிறப்பு. ஆனால் அத்தொகுதிகள் ஆங்கிலத்தில் உள்ளன. எந்தக் கிராமங்களைப் பற்றி அவை பேசுகின்றனவோ அக்கிராமத்தவரின் மொழியில் இல்லை.

இங்கேதான் நடைமுறைகளெல்லாம் தொடாத ஒரு விஷயத்துக்கு வருகிறோம். ஓணானை ஆராய இரண்டு திணைக்களங்களின் எழுத்து மூல அநுமதி வேண்டும். தோட்டத்து மனிதரை ஆராய்வதற்கு யாருடைய அநுமதி வேண்டும்? பல்கலைக்கழகத்தின் ஒழுக்கவியற் குழு பார்வையிடும். தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் லயத்துக்குள் நுழைவது எளிதன்று என்பதால் துரையின் அநுமதியும் பெறப்படும். கொழுந்து பறித்து வந்து அடுப்பை மூட்டும் அம்மாவிடம், அவருடைய கூலி, கடன், கருப்பை, கணவனின் குடி எல்லாவற்றையும் பற்றி ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் கையொப்பம் வாங்கிச் செல்வது அநுமதி ஆகாது. அவர் சொன்னது எந்த நூலில், எந்தப் பெயரில், என்ன கருத்தோடு வெளிவந்தது என்பதை அவர் அறிவதில்லை. அந்த நூலைத் தேடி அவருடைய மகள் மாத்தளை நகரத்து நூலகத்துக்குச் சென்றாலும் கிடைப்பதில்லை. காட்டைக் காக்கும் சட்டத்தில் நாம் காட்டிய ஜாக்கிரதையில் ஒரு பங்கையேனும் மனிதர் விஷயத்திற் காட்டியிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

செய்யவேண்டியவை பெருஞ்செலவுக்குரியன அல்ல. விருந்தோம்பும் பல்கலைக்கழகமே முதல் வாசலாகட்டும். அது பரீட்சித்து ஏற்ற விண்ணப்பத்தை, வீசாவுக்கும் வனத்துக்கும் வனசீவராசிகளுக்கும் தொல்பொருளுக்கும் உரிய உத்தியோகஸ்தர்கள் ஒரே கோவையில் ஒரே காலத்திற் பார்த்து, முன்கூட்டியே அறிவித்த தவணைக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லட்டும். மறுப்பதாயின் காரணம் எழுதி மறுக்கட்டும். அதற்கு ஈடாகப் பல்கலைக்கழகம் விருந்தினருக்குப் பிணை நிற்க வேண்டும்: இணையாக உழைக்கும் உள்நாட்டு ஆய்வாளரின் பெயர் முகத்தாளில் இருக்க வேண்டும், மாதிரிகளின் ஒரு தொகுதி பேராதனையில் தங்க வேண்டும், முடிவுகளின் சுருக்கம் சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்டு, மாத்தளைப் பொது நூலகத்திலும், ஆராயப்பட்ட ஊரின் பாடசாலையிலும் வைக்கப்பட்டாலொழிய அடுத்த வீசா புதுப்பிக்கப்படலாகாது.

பேராதனையில் இவ்விஷயத்தைத் தீர்மானிக்கும் இடத்திலிருப்போரை வேண்டிக்கொள்கிறேன்: சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்கள் கொடுக்கும் இணைப்புக் கடிதத்திலேயே இந்த நிபந்தனைகளை எழுதிவிடலாம். மாத்தளையில் இதனைப் படிக்கும் வாசகருக்கும் ஒரு வார்த்தை: நாளை உங்கள் வாசலுக்கு ஒரு வெள்ளைக்கார மாணவரோ, கொழும்பிலிருந்து அவரோடு வந்த மொழிபெயர்ப்பாளரோ வந்தால், தேநீர் கொடுங்கள், அவர் கேட்பதற்கு மனந்திறந்து பதில் சொல்லுங்கள், கையொப்பமிடுமுன், தாளைத் தமிழிற் கேளுங்கள், எழுதி முடித்ததன் பிரதி எங்கள் நூலகத்துக்கு எப்போது வரும் என்று தேதி கேளுங்கள்.